இன்ஜின் நின்றால் இறங்கலாம்... இறக்கை மடிந்தால்? பாராமோட்டார் பறப்பில் உயிரைக் காக்கும் விஷயங்கள் | முழு விளக்கம்

2012 அக்டோபர் 14. ஹீலியம் பலூனில் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், அங்கிருந்து குதித்தார் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர். ஒலியின் வேகத்தையும் தாண்டி விழுந்து, கடைசியில் பாராசூட் விரித்து, நின்ற நிலையில் தரையிறங்கினார். உலகமே நேரலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த சாகசம் அது.

அதே பாம்கார்ட்னர், 2025 ஜூலை 17 அன்று இத்தாலியின் கடலோர ஊரான போர்ட்டோ சான்ட் எல்பிடியோவில் உயிரிழந்தார். வயது 56. அன்றைக்கு அவர் எந்தச் சாதனைக்கும் முயலவில்லை. மோட்டார் பொருத்திய பாராகிளைடரில் பறந்துகொண்டிருந்தவர், ஒரு ஹோட்டலின் நீச்சல்குளப் பகுதியில் விழுந்தார்.

அந்த ஒரு விபத்தை இங்கே அலசப் போவதில்லை. ஆனால், அந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்று உண்டு. முதுகில் ஃபேன் மாட்டிக்கொண்டு ஜாலியாகப் பறப்பது போலத் தெரிகிறதே, அதில் அப்படி என்ன ஆபத்து?

ரீல்ஸில் பார்க்கும்போது சிம்பிளாகத் தெரியும் இந்த விளையாட்டு எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் தவறுகிறது, பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்கள் எதைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

பாராமோட்டார் என்றால் என்ன?

இரண்டே பாகங்கள்தான். தலைக்கு மேலே துணியால் ஆன இறக்கை. முதுகில் இன்ஜினும் ப்ரொபெல்லரும்.

இறக்கையை பைலட்டுகள் 'விங்' என்பார்கள். முதுகில் மாட்டும் பகுதியில் இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின், பெட்ரோல் டேங்க், உட்காரும் இருக்கையோடு கூடிய பட்டைகள், ப்ரொபெல்லரைச் சுற்றி வட்டமான கூண்டு ஆகியவை இருக்கும். இந்த மூட்டையின் எடை பொதுவாக 20 முதல் 35 கிலோ வரை. அதைச் சுமந்துகொண்டு ஓடித்தான் கிளம்ப வேண்டும். சக்கரம் வைத்த வண்டி மாதிரியான வகைகளும் உண்டு.

வேகம்? பெரும்பாலும் மணிக்கு 40 முதல் 60 கி.மீ. ஊருக்குள் ஓடும் ஸ்கூட்டர் வேகம்தான். ஒரு மணி நேரம் பறக்க சுமார் 3 முதல் 4 லிட்டர் பெட்ரோல் போதும்.

இதன் கதை பட்டத்தில் தொடங்குகிறது. 1960-களில் அமெரிக்காவில் பட்டம், பலூன் செய்துகொண்டிருந்த டொமினா ஜால்பர்ட் என்பவர், காற்று புகுந்து உப்பிக்கொள்ளும் அறைகள் கொண்ட துணி இறக்கையை உருவாக்கினார். 1978-இல் பிரான்ஸின் மியூஸி என்ற ஊரில் பாராசூட் வீரர்கள் சிலர், விமானத்திலிருந்து குதிக்காமல் மலைச்சரிவில் ஓடியே அந்த மாதிரி பாராசூட்டோடு பறந்தார்கள். அங்கே பிறந்தது பாராகிளைடிங்.

'பாராமோட்டார்' என்ற சொல்லை 1980-இல் இங்கிலாந்துக்காரரான மைக் பைர்ன் பயன்படுத்தினார். 1980-களின் பிற்பாதியில் பிரான்ஸில், பாராகிளைடர் இறக்கையோடு மோட்டாரைச் சேர்த்த பிறகு இது பரவத் தொடங்கியது. மலை இல்லாத ஊரிலும் சமதரையிலிருந்து கிளம்பலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

இன்ஜின் நின்றுவிட்டால் விழுந்துவிடுவோமா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. பதில்: இல்லை.

பாராமோட்டாரில் உங்களைத் தூக்கிப் பிடிப்பது இன்ஜின் அல்ல, இறக்கைதான். இன்ஜின் முன்னால் தள்ளும் வேலையை மட்டும் செய்கிறது. அது நின்றுபோனால் பாராமோட்டார் சாதாரண பாராகிளைடராக மாறிவிடும், அவ்வளவுதான். ஒரு மீட்டர் கீழே இறங்கும் நேரத்தில் தோராயமாக 6, 7 மீட்டர் முன்னே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மீட்டர் உயரத்தில் இன்ஜின் நின்றால், காற்று வீசாத நேரத்தில் ஏறக்குறைய 900 மீட்டர் தூரத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் இறங்கலாம். எதிர்க்காற்று இருந்தால் அந்தத் தூரம் குறையும்.

ஆகவே, அனுபவசாலிகளின் முதல் விதி இது: இந்த நொடி இன்ஜின் நின்றால் எங்கே இறங்குவேன் என்பதற்குக் கையில் எப்போதும் ஒரு பதில் இருக்க வேண்டும். கீழே காடு, கடல், நெருக்கமான வீடுகள் மட்டுமே இருக்கின்றன என்றால், அந்த இடத்தில் நீங்கள் பறக்கக் கூடாது.

அப்படியானால் உண்மையான ஆபத்து எங்கே?

மேலே இருக்கும் துணியில்தான்.

விமான இறக்கைக்கு உலோகச் சட்டம் உண்டு. பாராமோட்டார் இறக்கைக்குள் அப்படி எதுவும் கிடையாது. முன்விளிம்பில் உள்ள திறப்புகள் வழியாகக் காற்று உள்ளே புகுந்து, அறைகளை உப்ப வைக்கிறது. அந்தக் காற்றழுத்தம்தான் அதற்கு எலும்பு. ஓடும்வரை உருவம், நின்றால் வெறும் துணி.

இறக்கையிலிருந்து வரும் மெல்லிய கயிறுகள் இருபுறமும் 'ரைசர்' எனப்படும் பட்டைகளில் சேர்ந்து, பைலட்டின் ஹார்னஸில் மாட்டப்படுகின்றன. இரண்டு கைகளிலும் பிரேக் கைப்பிடிகள். வலது பிரேக்கை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடதை இழுத்தால் இடப்பக்கம். இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் குறையும்.

இங்கேதான் சிக்கல். பிரேக் என்ற பெயரைக் கேட்டதும் பைக் ஞாபகம் வரும். பைக்கில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், நாமும் பத்திரமாக நிற்போம். காற்றில் இறக்கை நிற்கவே கூடாது. நின்றால் தூக்கும் சக்தி போய்விடும்.

தவறு நடக்கும் வழிகள் நான்கு.

1. மடிப்பு: குழப்பமான காற்றில் இறக்கையின் ஒரு பக்கம் காற்றை இழந்து மடங்கிவிடும். மடங்கிய பக்கமாக மொத்த இறக்கையும் திரும்பப் பார்க்கும். அப்போது முதல் வேலை திசையைக் காப்பாற்றுவது. விரிந்திருக்கும் பக்கம் உடல் எடையைச் சாய்த்து, அந்தப் பக்க பிரேக்கை அளவாகப் பிடித்து நேராகப் பறக்க வேண்டும். மடிந்ததை விரிக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.

2. ஸ்டால்: இரண்டு பிரேக்கையும் அளவுக்கு மீறி இழுத்தால் இறக்கை பறப்பதை நிறுத்திப் பின்னால் சரியும். முழு த்ராட்டிலோடு மேலே ஏறும்போது பிரேக்கையும் ஆழமாகப் பிடித்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

3. ஸ்பின்: மெதுவாகப் பறக்கும்போது ஒரே பக்க பிரேக்கை ரொம்பவும் இழுத்தால், அந்தப் பாதி மட்டும் ஸ்டால் ஆகி, இறக்கை பம்பரம் போலச் சுழலும்.

4. ஸ்பைரல்: செங்குத்தாகச் சுருண்டு சுருண்டு இறங்குவது. நொடிக்கு 10 மீட்டருக்கும் மேலான வேகத்தில் உயரம் கரையும். 100 மீட்டர் உயரம் என்றால் 10 நொடிகூட கையில் இல்லை. உடலை வெளிப்பக்கம் அழுத்தும் விசையில் தலை சுற்றும், நினைவு தவறவும் கூடும்.

இவை எல்லாவற்றையும் மோசமாக்கும் விஷயம் ஒன்று உண்டு. பயந்துபோனால் கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்து இழுப்பது மனித இயல்பு. பாராமோட்டாரில் கையில் இருப்பது பிரேக். பயத்தில் இழுத்தால், சின்ன மடிப்பு ஸ்டாலாக மாறும்.

புதியவர்களுக்கான இறக்கைகள் பெரும்பாலான மடிப்புகளிலிருந்து தாமாகவே மீளும்படி வடிவமைக்கப்பட்டவை. அதற்கு வழிவிட்டு, கையை மேலே தளர்த்தினாலே போதும். அந்த நேரத்தில் கையைத் தளர்த்தத் தோன்ற வேண்டுமே? அதற்குத்தான் பயிற்சி.

த்ராட்டிலும் ஊசலும்

பைலட், இறக்கைக்குப் பல மீட்டர் கீழே தொங்குகிறார். அதாவது அவர் ஓர் ஊஞ்சல் குண்டு. த்ராட்டிலைச் சட்டென அழுத்தினால் பைலட் முன்னே போவார், இறக்கை பின்தங்கும். சட்டென விட்டால் பைலட் பின்னே வருவார், இறக்கை முன்னே பாயும்.

புதியவர்கள் இதைச் சரிசெய்கிறேன் என்று த்ராட்டிலையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி இயக்க, ஊசல் பெரிதாகிக்கொண்டே போகும். தரைக்கு அருகே இது நடந்தால் இறக்கை முன்னே பாயும் நேரத்தில் தரையில் மோத வேண்டியதுதான். தீர்வு எளிது: எதையும் படிப்படியாகச் செய்வது.

இன்னொன்று, முறுக்கு. ப்ரொபெல்லர் ஒரு திசையில் சுழல்வதால், பைலட்டின் உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். முழு த்ராட்டிலில் இது கூடும். கவனிக்காமல் விட்டால் ரைசர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். உடல் திரும்புவது தெரிந்தால் உடனே த்ராட்டிலைக் குறைக்க வேண்டும்.

பாதிப் படிப்பு தரையில்தான்

கேட்க ஆச்சரியமாக இருக்கலாம். பறக்கக் கற்றுக்கொள்பவர், பறக்காமல் செலவிடும் நேரம்தான் அவரை அதிகம் காப்பாற்றுகிறது.

இதன் பெயர் கிரவுண்ட் ஹேண்ட்லிங். மோட்டார் இல்லாமல், ஹார்னஸை மட்டும் மாட்டிக்கொண்டு, திறந்த மைதானத்திலோ கடற்கரையிலோ இறக்கையைத் தலைக்கு மேலே நிறுத்திப் பழகுவது. பட்டம் விட்டவர்களுக்கு இது உடனே புரியும். நூல் விரலில் பேசும் என்பார்களே, அதே கதைதான். ஒரே வித்தியாசம், இந்தப் பட்டம் உங்களையே இழுத்துக்கொண்டு போகும் அளவுக்குப் பெரியது.

இதில் என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

• இறக்கை மேலே வரும்போது தலையைத் தாண்டி முன்னே விழாமல், சரியான நொடியில் பிரேக் பிடித்து நிறுத்துவது.

• இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தால், பிரேக்கோடு மல்லுக்கட்டாமல் காலை நகர்த்தி அதன் அடியில் போய் நிற்பது.

• மேலே பார்க்காமலேயே, பிரேக்கில் தெரியும் அழுத்தத்தை வைத்து இறக்கை என்ன செய்கிறது என்று உணர்வது.

• காற்று திடீரென வேகம் பிடித்தால், பின்பக்க ரைசர்களை இழுத்து இறக்கையைச் சட்டெனக் கீழே படுக்க வைப்பது.

மூன்றாவது விஷயம் ரொம்ப முக்கியம். காற்றில் ஒரு பக்கப் பிரேக் திடீரென லேசானால், அந்தப் பக்கம் மடியப் போகிறது என்று அர்த்தம். பழகிய கை மூளைக்கு முன்னால் அதைப் பிடித்துவிடும். கொஞ்சமாகப் பிரேக் இழுத்து அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். மடிப்பு நடக்கவே நடக்காது. இப்படி நொடிக்கு நொடி இறக்கையோடு பேசிக்கொண்டே பறப்பதை 'ஆக்டிவ் ஃப்ளையிங்' என்கிறார்கள்.

தரையில்தானே என்று ஹெல்மெட்டும் கையுறையும் போடாமல் பழகுவதும் தப்பு. பலத்த காற்று ஆளைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கிளம்பும் அந்த 10 நொடி

எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். காற்று இல்லாதபோது இறக்கையைப் பின்னால் விரித்துப் போட்டு, முன்னோக்கி ஓடுவார்கள். ஓரளவு காற்று இருந்தால் இறக்கையைப் பார்த்து நின்று அதை உயர்த்திவிட்டு, திரும்பி ஓடுவார்கள். இரண்டாவது முறையில் இறக்கை சரியாக விரிந்திருக்கிறதா, கயிறு எதிலாவது சிக்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும்.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, சீக்கிரமே உட்கார்ந்துவிடுவது. கால் லேசாகத் தரையை விட்டதும் பறந்துவிட்டோம் என்று நினைத்து இருக்கைக்குள் சாய்வார்கள். இறக்கைக்கு இன்னும் போதுமான வேகம் வந்திருக்காது. திரும்பக் கீழே வரும், ஆனால் கால் தயாராக இருக்காது. கூண்டும் ப்ரொபெல்லரும் தரையில் இடிக்கும். பயிற்சியாளர்கள் ஓயாமல் கத்துவது ஒரே வார்த்தைதான்: ஓடு, ஓடு, இன்னும் ஓடு!

கிளம்பும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை: ஹெல்மெட் பட்டை, இரண்டு தொடைகளையும் சுற்றும் கால் பட்டைகள், மார்புப் பட்டை, ரைசரை மாட்டியிருக்கும் கொக்கிகள், சிக்கல் இல்லாத கயிறுகள், காற்றின் திசை.

இதில் கால் பட்டையை இரண்டு முறை பாருங்கள். அதை மாட்டாமல் கிளம்பினால், தரையை விட்ட பிறகு ஆள் ஹார்னஸிலிருந்து நழுவிக் கீழே தொங்க நேரிடும். பறந்து பழகியவர்களும் அவசரத்தில் மறக்கும் விஷயம் இது.

பறக்கும் முன்பே நடக்கும் விபத்து

பாராமோட்டாரில் பலத்த காயத்துக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது, வானத்திலிருந்து விழுவதல்ல. சுழலும் ப்ரொபெல்லர் உடலில் படுவதுதான். அதுவும் பெரும்பாலும் தரையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது!

ப்ரொபெல்லரின் குறுக்களவு சுமார் 1.3 மீட்டர். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால், அதன் நுனி மணிக்கு சுமார் 600 கி.மீ வேகத்தில் போகிறது. சுழலும்போது கண்ணுக்கே தெரியாது.

த்ராட்டில் கேபிள் சிக்கியிருந்தாலோ, கார்புரேட்டரில் கோளாறு இருந்தாலோ, ஸ்டார்ட் ஆன அடுத்த கணமே இன்ஜின் முழு வேகம் எடுக்கும். நல்ல இன்ஜின்கள் 60, 70 கிலோ விசையோடு தள்ளும். ஒரு கையால் கூண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஸ்டார்ட் செய்பவரால் அதைத் தடுக்க முடியாது. மோட்டார் ஆள் மேல் ஏறிவிடும். கூண்டில் உள்ள வலை மெல்லியது. மெதுவாகப் படும் கையைத் தடுக்கும், பாய்ந்து வரும் மோட்டாரைத் தடுக்காது.

அதனால்தான் சொல்கிறார்கள்: த்ராட்டில் இலகுவாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இன்ஜினை அணைக்கும் சுவிட்சில் விரல் இருக்கட்டும். முடிந்தவரை மோட்டாரை முதுகில் மாட்டிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், ப்ரொபெல்லருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் நிற்கக் கூடாது.

பறக்கும்போதும் கவனம் தேவை. பிரேக் கைப்பிடியை விட்டால் அதை ரைசரில் உள்ள காந்தத்திலோ கொக்கியிலோ மாட்ட வேண்டும். இல்லையென்றால் ப்ரொபெல்லர் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர், கம்பி: இரண்டு எமன்கள்

தண்ணீரில் விழுந்தால் அடிபடாது என்று நினைப்போம். பாராமோட்டாரில் கதையே வேறு.

முதுகில் கட்டிய மோட்டார் ஆளைக் கீழே அமிழ்த்தும், அல்லது முகம் தண்ணீருக்குள் இருக்கும்படி கவிழ்க்கும். நனைந்த இறக்கையும் நூற்றுக்கணக்கான மீட்டர் கயிறும் கை காலைச் சுற்றும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்கியிருக்கிறார்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் ஊர்ப் பழமொழி. இங்கே ஆழம் முக்கியமே இல்லை, இடுப்பளவுத் தண்ணீரே போதும். இன்ஜின் நின்றால் கரைக்கு வந்துசேரும் தூரத்தைத் தாண்டி நீர்நிலை மேல் போகவே கூடாது. போயே ஆக வேண்டும் என்றால், தண்ணீர் பட்டதும் தானாக உப்பும் மிதவையைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மின்கம்பி. தரையை ஒட்டிப் பறப்பது த்ரில்லாக இருக்கும், வீடியோவும் அட்டகாசமாக வரும். கம்பம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கம்பி தெரியாது. தெரியும்போது விலக நேரம் இருக்காது. முன்பின் பறந்து பார்க்காத இடத்தில் தாழப் பறக்காதீர்கள் என்பதைப் பயிற்சியாளர்கள் எழுதாத சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

தாழப் பறப்பதில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. மரவரிசை, கட்டடம், மேடு ஆகியவற்றைத் தாண்டி வரும் காற்று, மறுபக்கத்தில் சுழித்துக்கொண்டு கிடக்கும். ஆற்றில் பாறைக்குப் பின்னால் நீர் சுழல்வது போலத்தான். அந்தச் சுழிக்குள் நுழைந்தால் இறக்கை மடியலாம். 20 மீட்டர் உயரத்தில் மடிந்தால் சரிசெய்ய இடமே இல்லை. சாலையில் பறப்பவர்களுக்குத் தரை பத்திரமாகத் தோன்றும். வானத்தில் பறப்பவர்களுக்கு உயரம்தான் பத்திரம்.

எந்த நேரத்தில் பறப்பது?

சூரியன் உதித்த முதல் இரண்டு மூன்று மணி நேரம், மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். பொழுதுபோக்கு பைலட்டுகள் அதிகம் விரும்புவது இதைத்தான்.

உச்சி வெயிலில் தரை சூடாகி, அங்கங்கே வெப்பக் காற்று தூண் போல மேலே கிளம்பும். அதன் ஓரங்களில் காற்று கீழே இறங்கும். ஏறும் காற்றுக்கும் இறங்கும் காற்றுக்கும் நடுவே மாட்டும் இறக்கை குலுங்கும். அனுபவம் உள்ளவர்கள் இதைப் பயன்படுத்தியே உயரம் ஏறுவார்கள், புதியவர்களுக்கு இது சரிவராது.

இடிமேகம் தெரிந்தால் யாராக இருந்தாலும் தரையில் இருக்க வேண்டும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், பாராகிளைடிங் உலக சாம்பியன்ஷிப் போட்டிக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஜெர்மன் வீராங்கனை எவா விஷ்னியர்ஸ்காவை இடிமேகம் உள்ளே இழுத்தது. 9,946 மீட்டர் உயரம்வரை கொண்டுபோனது. ஏறக்குறைய எவரெஸ்ட்டைவிட 1,100 மீட்டர் அதிகம்! வழியிலேயே நினைவிழந்தவர், உறைபனி மூடிய நிலையில் எப்படியோ உயிரோடு இறங்கினார். அதே நாளில் அதே மேகக் கூட்டத்தில் சிக்கிய சீன வீரர் ஹே சோங்பின் உயிர் பிழைக்கவில்லை.

இருவரும் உலகத் தரப் போட்டியாளர்கள். மேகத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

உங்கள் எடைக்கு எந்த இறக்கை?

ஐரோப்பியத் தரச் சோதனையில் இறக்கைகளை ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். ஏ வகை தவறுகளை அதிகம் மன்னிக்கும். டி வகை வேகமானது, மன்னிக்காது. முதல் இறக்கை எப்போதும் மன்னிக்கும் வகையாக இருக்கட்டும்.

அளவும் முக்கியம். உங்கள் எடையை மட்டும் பார்க்கக் கூடாது. 70 கிலோ ஆள், 28 கிலோ மோட்டார், 10 லிட்டர் பெட்ரோல் சுமார் 7.5 கிலோ, இறக்கை 6 கிலோ, ஹெல்மெட், ஷூ, உடை 4 கிலோ. கூட்டினால் 115 கிலோவைத் தாண்டுகிறது. அந்த மொத்த எடைக்குப் பொருந்தும் இறக்கையைத்தான் வாங்க வேண்டும்.

பழைய இறக்கை மலிவாகக் கிடைக்கும். ஆனால் வெயில் பட்டுப்பட்டுத் துணி நைந்து, காற்று கசியத் தொடங்கியிருக்கலாம். கயிறுகள் சுருங்கியோ நீண்டோ இருக்கலாம். கண்ணால் பார்த்தால் தெரியாது. துணியில் காற்று கசிகிறதா, கயிறுகளின் நீளம் சரியா என்று கருவி வைத்துச் சோதித்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

கடைசி வாய்ப்பு: ரிசர்வ் பாராசூட்

இறக்கை மீள முடியாதபடி குழம்பினால், கையால் எறியும் இன்னொரு பாராசூட் உண்டு. முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும். பிறகு கைப்பிடியைப் பார்த்து, பிடித்து, உருவி, காலியான வானத்தைப் பார்த்து வீச வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ரிசர்வ் ப்ரொபெல்லருக்குள் போய்விடும்.

அது விரிய உயரமும் நேரமும் வேண்டும். தாழப் பறப்பவர்களுக்கு இந்தக் கடைசி வாய்ப்பும் கைகொடுக்காமல் போகலாம். மடித்து வைத்த ரிசர்வைக் குறிப்பிட்ட இடைவெளியில் பிரித்து மறுபடியும் மடிக்கவும் வேண்டும்.

மடிப்பு, ஸ்டால் எல்லாவற்றையும் வேண்டுமென்றே உருவாக்கிப் பழகும் பயிற்சிகளும் இருக்கின்றன. துருக்கியின் ஒலுடெனிஸ், பிரான்ஸின் ஆன்சி ஏரி, இத்தாலியின் கார்டா ஏரி போன்ற இடங்களில் போதுமான உயரத்தில், தண்ணீருக்கு மேல், கீழே மீட்புப் படகோடு இது நடக்கிறது. முதல் ஸ்டாலை அங்கே சந்திப்பது நல்லது.

லைசென்ஸ் தேவையா?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1982 முதல் நடைமுறையில் உள்ள 'பார்ட் 103' விதியின்படி, ஒருவர் மட்டும் அமரும், 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்குக் குறைவான கருவிக்கு பைலட் லைசென்ஸே தேவையில்லை. ஆனால் பகலில் மட்டுமே பறக்கலாம், நெரிசலான குடியிருப்புகளின் மேல் பறக்கக் கூடாது. பிரிட்டனிலும் லைசென்ஸ் கட்டாயமில்லை. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் கட்டாயம்.

நம் நாட்டில் பாராமோட்டார் என்ற சொல் பலருக்கும் அறிமுகமானதே தடை உத்தரவு வழியாகத்தான். குடியரசு தினம், சுதந்திர தினம் நெருங்கும்போது பாராகிளைடர், பாராமோட்டார், ட்ரோன் போன்றவை பறக்க டெல்லி காவல்துறை தடை விதிப்பது வழக்கம். வானம் திறந்துதான் கிடக்கிறது என்று கிளம்பிவிட முடியாது. விமான நிலையம், ராணுவப் பகுதி, தடை செய்யப்பட்ட இடம் எதுவும் அருகில் இல்லை என்பதை உறுதிசெய்து, உரிய அனுமதியோடுதான் பறக்க வேண்டும்.

லைசென்ஸ் கேட்காத நாட்டிலும் காற்று பரீட்சை வைக்காமல் விடுவதில்லை. யூடியூபைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ள முயல்வதுதான் இந்த விளையாட்டின் மிக மோசமான சிக்கனம்.

சுற்றுலா போன இடத்தில் பறக்க ஆசையா?

ஒரு ரவுண்டு போய்வரலாம் என்று நினைப்பவர்கள் இவற்றைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

• பைலட்டுக்கு இன்னொருவரை ஏற்றிப் பறக்கும் பயிற்சியும், உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியும் இருக்கிறதா?

• ஹெல்மெட் தருகிறார்களா? அது உங்கள் தலைக்குப் பொருந்துகிறதா?

• இருவர் எடையையும் தாங்கும் ரிசர்வ் பாராசூட் இருக்கிறதா?

• உங்கள் கால் பட்டைகளை அவர் உங்கள் கண்முன்னே சரிபார்த்தாரா?

• காற்று பலமாக இருந்தால் பறக்க மாட்டோம் என்று சொல்கிறாரா, இல்லை சமாளிக்கலாம் வாங்க என்கிறாரா?

துப்பட்டா, புடவை முந்தானை, தளர்வான சால்வை, கழுத்தில் தொங்கும் கேமரா வேண்டாம். செல்ஃபி ஸ்டிக் வேண்டவே வேண்டாம். பின்னால் ப்ரொபெல்லர் இருக்கிறது.

கடைசிக் கேள்விக்கு "இன்னைக்குக் காத்து சரியில்லை, நாளைக்கு வாங்க" என்று ஒரு பைலட் பதில் சொன்னால், கோபப்படாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்து உங்களைத் தரையில் நிறுத்தத் தெரிந்தவரை நம்பித்தான் மறுநாள் மேலே போகலாம்.